பதினாலாம் லைனில் நின்றவன்

ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப்பில் ஆகஸ்ட் மாதம் யாரும் குளிப்பதில்லை, வேகிறார்கள். மொட்டைமாடித் தொட்டியில் பகலெல்லாம் காய்ந்த தண்ணீர் சாயங்காலம் குழாய்க்கு வந்ததும், இரண்டாம் மாடி பீகார்காரன் ஒருவன் வாளியில் நாலு முட்டையைப் போட்டு அவித்துத் தின்றான் என்பார்கள். நாலு இல்லை, ஆறு என்று சொல்கிறவர்களும் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் காலையிலேயே வாளியில் தண்ணீர் பிடித்து, அறைக்குள் ஏசிக்கு நேராக வைத்துவிட்டு டூட்டிக்குப் போவார்கள். அந்த ஏசி வாளியைக் குளிர்விக்கும். மனிதர்களைக் கண்டுகொள்ளாது.

நூற்றுப் பதினேழாம் அறையில் வாளி வைக்கிற வேலை ரெங்கராஜுடையது. அரிசி ஊறப்போடுவது, மெஸ் சமையற்கட்டில் ஒன்பதாம் நம்பர் அடுப்பை மற்ற அறைக்காரர்கள் பிடிக்குமுன் பிடிப்பது, மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலைக்கு வைப்பது எல்லாமும் அவர்தான். பரமக்குடிக்குக் கிழக்கே, தண்ணீருக்குத் தவிர வேறெதற்கும் சண்டை போட நேரமில்லாத ஊர். வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருடமாக ஒரே வேர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிறார். அவர் அடுக்கிய பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்திருந்தால் நிலாவரை ஏறிப்போய், அங்கே ஒரு டீயைக் குடித்துவிட்டு, டீ சரியில்லை என்று திரும்பி வந்திருக்கலாம். இப்போதெல்லாம் முழங்கால் மடக்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. அறையில் ஆள் நாலு. அலுப்பையும் ஓர் ஆளாகக் கணக்கெடுத்தால் அஞ்சு. அந்த அஞ்சாவது ஆள்தான் யாரையும் கேட்காமல் நாலு கட்டிலிலும் படுப்பான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரெங்கராஜ் டூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தபோது, காலையில் வைத்துவிட்டுப் போன தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. குப்பூஸ் ரொட்டி வறண்டு கூரை ஓடு மாதிரி ஆகியிருந்தது. கீழ்க்கட்டிலில் சாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"இன்னைக்கும் திங்கலையாப்பா?"

"வேணாம் சார்."

மூன்று நாளாக இந்த ஒரே பதில்தான்.

சாம் பர்மாக்காரன். பர்மா என்றால் ரங்கூன் இல்லை. அதற்கு அப்பால் பஸ் நின்று, லாரி நின்று, கடைசியில் பாதையும் நின்றுபோகிற இடத்தில், சீனாவின் எல்லையை உரசிக்கொண்டு நிற்கிற மலை. அவன் சனத்துக்கு வா என்று பெயர். "வான்னா யாருப்பா வரணும்?" என்று முதல்நாள் விஜயபாஸ்கர் கேட்டதற்கு அறையே சிரித்தது, அவனும் என்ன ஏதென்று தெரியாமல் கூடச் சிரித்தான். பெயரைக் கேட்டு வேதக்காரன், கிறிஸ்தவன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன்தான் விளக்கினான். அவர்கள் மலையில் மூத்த மகன் அய், இரண்டாமவன் ஞி, மூன்றாமவன் சாம். கூடவே பிறந்த நாளின் பெயர் ஒட்டிக்கொள்ளும். சந்தையில் நின்று சாம் என்று ஒரு சத்தம் கொடுத்தால் நாற்பது தலை திரும்பும், நாலு எருமையும் திரும்பும்.

வந்த முதல்நாள் பையைத் திறந்ததும் துணிமணிக்கு முன்னால் அவன் வெளியே எடுத்தது ஒரு மூங்கில் குவளை. புகையில் கறுத்து, கை பட்டுப் பட்டு மினுங்கியது. கடையில் மோர் பாட்டில் வாங்கி வந்திருந்தான். ரெங்கராஜுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குவளையில் ஊற்றி, ரெண்டு சொட்டைத் தரையில் விட்டான். ஒரு மடக்கு தான் குடித்தான். விளிம்பை உள்ளங்கையால் துடைத்தான். இரண்டு கையாலும் நீட்டினான்.

ரெங்கராஜ் வாங்கி, அண்ணாந்து, ஒரு முழ உயரத்திலிருந்து ஒரு பொட்டு சிந்தாமல் தொண்டைக்குள் இறக்கினார். அந்த வித்தையில் அவரை அடிக்க வளைகுடாவிலேயே ஆள் கிடையாது. கேம்ப் பஸ் வேகத்தடையில் எகிறும்போதுகூட அவர் தண்ணீர் குடித்தால் மீசை நனையாது. அடுத்து விஜயபாஸ்கர் வாய் வைத்துக் குடித்ததோடு, உண்மையிலேயே மூங்கில்தானா என்று கடித்தும் பார்த்தான். ராஜிக் மிச்சத்தை உறிஞ்சிவிட்டு, "இன்னம் இரிக்கா?" என்றான்.

அன்றிலிருந்து அந்த இரண்டு பேரும் சாமுக்கு மச்சான். ரெங்கராஜ் சார். பத்தொன்பது வருடத்தில் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. "இங்கன ஒரு பர்மாக்காரப் பய என்னைய சாருங்கறான் மாரியம்மா" என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னார். "ஆள் தெரியாம கூப்புட்டிருப்பான்" என்று மாரியம்மாள் வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். வேர்ஹவுஸின் பதினாலாம் லைனில், மூன்றாம் தட்டிலிருந்து சோப்புத்தூள் பெட்டிகளின் அடுக்கு ஒன்று சரிந்தது. ஒரு வீட்டையே கவிழ்த்தது மாதிரி. சாம் நேர் கீழே நின்றான். பெட்டிகள் அவனைச் சுற்றிலும் விழுந்தன. அவன்மேல் ஒன்றும் விழவில்லை. தூசி அடங்கியபோது நடுவில் நின்றான், மாவில் புரட்டிய கொழுக்கட்டையாக. எல்லாரும் சிரித்தார்கள், படம் பிடித்தார்கள், உனக்கு ஆயுசு நூறு என்று முதுகில் தட்டினார்கள். தட்டினதில் தூள் பறந்து தட்டினவர்களும் தும்மினார்கள். சாம் மட்டும் சிரிக்கவில்லை. அறைக்கு வந்து படுத்தான். காய்ச்சல் வந்தது, போனது. கிளினிக்கில் பனடால் மாத்திரை கொடுத்தார்கள். அங்கே கால் உடைந்தாலும் பனடால், காதல் முறிந்தாலும் பனடால். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதியும் கொடுத்தார்கள்.

கதவைத் தட்டிவிட்டு சூப்பர்வைசர் நூஹு உள்ளே வந்தான். காயல்பட்டினத்துக்காரன். கெட்டவன் இல்லை; மேலே உள்ளவன் அவனைக் கடிப்பான், இவன் கீழே உள்ளவனைக் கடிக்க மனசில்லாமல் நகத்தைக் கடிப்பான்.

"என்ன ரெங்கராஜண்ணே, எந்திரிச்சாரா?"

"நீயே பாரு."

நூஹு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "தம்பி, கிளினிக்ல ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாங்க. அத வச்சுக்கிட்டு நான் என்னத்த லீவு போடுவேன்? திங்கக்கிழம காலையில பஸ்ல ஆள் இல்லன்னா விசாவ கேன்சல் போடுறதா சொல்லிட்டாங்க. ரங்கூனுக்கு டிக்கெட். ஹலாஸ், கத முடிஞ்சுது."

சாம் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான்.

"நா என்ன செய்ய?" என்று யாரும் கேட்காத கேள்விக்கு நூஹு பதில் சொன்னான். "ரெண்டு நாள் இருக்குல்ல. ஏதாவது சொல்லி எழுப்புங்கண்ணே." நகத்தைக் கடித்துக்கொண்டே போனான்.

கொஞ்ச நேரத்தில் விஜயபாஸ்கரும் ராஜிக்கும் வந்தார்கள். விஜயபாஸ்கர் மன்னார்குடிப் பக்கம், இருபத்தெட்டு வயது. ஃபோர்க்லிஃப்ட்டை மாட்டுவண்டி மாதிரி அதட்டி ஓட்டுவான். ராஜிக் இலங்கையில் கல்முனை, அவனுக்கு இருபத்தாறு. அண்ணனை நானா என்பான். ரெங்கராஜ் நூஹு சொன்னதைச் சொன்னார்.

"ஊருக்குத்தானே மச்சான், போய் ரெண்டு மாசம் கெடந்துட்டு வேற கம்பெனியில வாயேன்" என்றான் விஜயபாஸ்கர்.

சாம் திரும்பிப் படுத்தான். மூன்று நாளில் அவன் முகத்தை அவர்கள் பார்த்தது அப்போதுதான். அவன் பேசியது இந்த அறையில் கற்ற தமிழ்; பரமக்குடி உடம்புக்குக் கல்முனைத் தலை வைத்த தமிழ்.

"ஏர்போட்ல எறங்கினா ஒரு பட்டாளம் புடிக்கிது மச்சான். என் வயசு எல்லாம் புடிக்கிது. தப்பிச்சு மலைக்குப் போனா அங்க வேற பட்டாளம். வூட்டுக்கு ஒரு ஆள் குடுன்னு கேக்கிது. அய் குடுத்தாச்சி. அய் வரல்ல. ஞி குடுத்தாச்சி. ஞி ஒத்தக் காலோடதான் வந்திச்சி." விரலை மடக்கி எண்ணினான். மூன்றாவது விரலை மடக்காமல் அப்படியே நிறுத்திக் காட்டினான். "இனி சாம்."

ஏசி கரகரவென்றது.

"அப்ப எழும்பி வேலைக்குப் போ மச்சான். ஒனக்கு என்ன செய்யிது, அதச் செல்லு" என்றான் ராஜிக்.

"நான் இங்க இல்ல."

"அப்ப இங்க படுத்திரிக்கிறது ஆரு?"

"இது உடம்பு. உசிரு பதினாலாம் லைன்ல நிக்கிது. பொட்டி வுழும்போது பயந்து எறங்கிட்டு. நான் வந்திட்டன். அது வரல்ல."

விஜயபாஸ்கர் சிரிக்க வாயெடுத்தான். ரெங்கராஜ் பார்த்த பார்வையில் வாய் பாதியில் நின்றது. ரெங்கராஜுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவர் ஊரில் பயந்த பிள்ளைக்கு வேப்பிலை அடிப்பார்கள், கயிறு கட்டுவார்கள். சுடுகாட்டு ஓடையில் பயந்தவனை அந்த ஓடைக்கே கூட்டிப்போய்த் துப்பச் சொல்வார்கள்.

"உங்க பக்கம் இதுக்கு என்னப்பா செய்வீக?"

"போயி கூப்புடணும். அரிசி, குடிக்கிறது கொண்டு போகணும். உசிரு புடிச்சு வர என் சட்ட ஒண்ணும் வேணும். பேரு சொல்லிக் கூப்பிட்டு வூட்டுக்குக் கூட்டி வரணும். கோழிக் கஞ்சி வைக்கணும். கையில நூல் கட்டணும்."

"அம்புட்டுத்தானே. நீ போயி கூப்புட்டுக்க."

"என் உசிர நான் கூப்புட ஏலாது. என்ன விட மூத்த ஆள் கூப்புடணும். அடுப்பு யாருதோ அவங்க கூப்புடணும்."

ராஜிக் சட்டென்று திரும்பினான். "மூத்த ஆளும் நம்மட ரெங்கு நானாதான், அடுப்பும் அவருக்குத்தான். முடிஞ்சி சோலி."

சாம் தலையை ஆட்டினான். ரெங்கராஜைப் பார்க்காமல், மரியாதையாக, மெதுவாகச் சொன்னான்: "சார் முடியாது. சார் என் வூட்டாள் இல்ல. சார் என் குவள வாய் வைக்கல."

ரெங்கராஜுக்கு முதலில் விளங்கவில்லை.

"எங்கள்ட்ட குவள குடுத்தா வாய் வைக்கணும். நான் முதல்ல குடிச்சிக் காட்டுறது, வெசம் இல்லன்னு. அப்பறம் நீ குடிச்சா நீ என் ஆள். மேல தூக்கி ஊத்தினா…" ஆளைத் தள்ளி நிறுத்துவது மாதிரி கையைக் காட்டினான். "கோவம் இல்ல சார். சார் பெரியவங்க. சாருக்கு நான் வேணாம், சரி."

பதினாலு மாதம் அந்தச் சார் என்கிற சொல்லை ரெங்கராஜ் மார்பில் மெடல் மாதிரி குத்திக்கொண்டு திரிந்திருந்தார். அது மெடல் இல்லை, அவன் வாசலில் போட்ட தாழ்ப்பாள்.

அரிசிச் சட்டியை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனார். இருபத்திரண்டு அடுப்பு, இருபத்திரண்டு ஊர்க் குழம்பு. ஒரே நேரத்தில் கொதித்தால் பாகிஸ்தான் கறிக்கும் ஆந்திரா பச்சடிக்கும் கூரைக்குக் கீழே சண்டை நடக்கும். அரிசியைக் களைந்தார். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்தார். பின்னாலேயே விஜயபாஸ்கர் வந்து வெங்காயத்தை எடுத்துக்கொண்டு நின்றான்.

"அவன் சொன்னத மனசுல வச்சுக்காதண்ணே. காய்ச்சல்ல ஒளர்றான்."

"ஒளரல. சரியாத்தான் சொல்றான்." தண்ணீரைச் சாய்த்தார். "நான் அவன ஒதுக்கலப்பா. எனக்கு வாய் வச்சுக் குடிக்கத் தெரியாது."

"என்னண்ணே, குடிக்கத் தெரியாதா?"

"எங்க ஊரு டீக்கடையில எங்கப்பன் கையேந்தித்தான் குடிப்பாரு. மேலருந்து ஊத்துவாய்ங்க. நான் சின்னப்பயலா இருக்கையில எங்களுக்குன்னு கெளாஸு வந்துருச்சு, வெளிய ஆணியில தொங்கும். கழுவி மாட்டிட்டுப் போகணும். ஒருநா தெரியாத்தனமா உள்ள இருந்த டம்ளர்ல வாய் வச்சுப்புட்டேன். எங்கப்பன் அங்கனயே என்னைய அடிச்சாரு. கடைக்காரன் அடிக்கிறதுக்கு முந்தி அடிச்சிரணும்ல. அன்னைலருந்து யாரு பாத்திரத்துலயும் என் ஒதடு பட்டதில்ல. அண்ணாந்து குடிச்சா ஒருத்தனுக்கும் தொந்தரவில்ல பாரு."

விஜயபாஸ்கர் வெங்காயத்தை வெட்டவில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எங்க ஊர்லயும் ஒரு கடை அப்படி இருந்துச்சுண்ணே. இப்ப இல்ல."

"நீ எங்கிட்டு நின்னு குடிச்ச?"

"நான்…" தரையைப் பார்த்தான். "பெஞ்சுல உக்காந்து குடிச்சேண்ணே."

"சரி, வெங்காயத்த வெட்டு" என்றார் ரெங்கராஜ்.

சோற்றை இறக்கினார்கள். அறைக்குத் திரும்பும்போது ரெங்கராஜ் சொன்னார்: "நாளைக்கு நான் போயி கூப்புடுறேன். வாரதும் வராததும் அது இஷ்டம். வந்துச்சுன்னா அந்தக் குவளையில குடிக்கிறேன். ஒனக்குச் சம்மதமான்னு அவன்கிட்ட நீ கேளு."

விஜயபாஸ்கர் கேட்டான். சாம் கூரையைப் பார்த்தபடியே சொன்னான்: "குடிக்கிறது வேணும். சோறும் தினையும் புளிக்கப் போட்டது. அது இல்லாம எங்க சனத்துக்கு ஒரு பேச்சும் தொடங்காது."

ராஜிக் துள்ளி எழுந்தான். "அல்லாவே, கேம்ப்ல சாராயமா? இவன ரங்கூனுக்கு அனுப்புறதுக்கு முந்தி நம்ம நாலு பேரையும் உள்ள வச்சிருவானுகள்."

அப்போது ரெங்கராஜ் கட்டிலுக்கு அடியிலிருந்து தம் தூக்குவாளியை இழுத்துத் திறந்து சாமின் மூக்குக்குக் கீழே பிடித்தார். நேற்றுச் சோறு, நேற்றுத் தண்ணீர். ஏசி போய்ச்சேராத கட்டிலடியில் ஒரு பகல் முழுக்கப் புளித்து இலேசாக நுரைத்திருந்தது. சாம் மோந்தான். மறுபடி மோந்தான். மூன்று நாளுக்குப் பிறகு அவன் முகத்தில் ஏதோ அசைந்தது.

"எங்க அம்மா பானை ரெண்டாம் நாள் இப்படித்தான் மணக்கும். இன்னும் சாராயம் ஆகல. வழியில இருக்கிது."

"இது ஹலாலா நானா?" என்றான் ராஜிக்.

"பாலு மறந்த புள்ளைக குடிக்கிறதுப்பா. நீராகாரம்."

மறுநாள் சனிக்கிழமை. டூட்டி முடிய கால்மணி இருக்கும்போது ரெங்கராஜ் தூக்குவாளியும், ஒரு பிடி அரிசியும், சாமின் பச்சைச் சட்டையுமாகப் பதினாலாம் லைனுக்குள் நுழைந்தார். இருபுறமும் நாலு மாடி உயரத்துக்குப் பெட்டி. உள்ளே நடந்தால் ஒரு காலாண்டு நடக்கலாம். சோப்புத்தூளைக் கூட்டி அள்ளியிருந்தார்கள், வாசனை போகவில்லை. அரிசியைத் தரையில் வைத்தார். நீராகாரத்தில் ரெண்டு சொட்டு விட்டார்.

"சாம்" என்றார். ஃபோர்க்லிஃப்ட் சத்தத்தில் அவர் காதுக்கே கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டிடத்துக்குள் அவர் குரலை உயர்த்தியதே இல்லை.

"ஏப்பா, சாம். நாந்தான், ரெங்கராஜு. டூட்டி முடிஞ்சிருச்சு, வாப்பா போவம். இங்கன நின்னு என்ன செய்யப்போற? ராத்திரிக்கு ஏசிய அமத்திருவாய்ங்க. கோழிக் கஞ்சி வைக்கிறோம். ராஜிக் காரம் கொறச்சுப் போடச் சொன்னான், நான் முடியாதுன்னுட்டேன். வா. பொட்டியெல்லாம் நேரா அடுக்கியாச்சு, ஒண்ணும் விழுகாது. நானே அடுக்கினேன்."

நேபாளி ஒருவன் ஃபோர்க்லிஃப்ட்டை லைன் முனையில் நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்து, தொப்பியை எடுத்தான். அவன் பின்னாலேயே நூஹு ஓடிவந்தான்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"ஆளக் கூப்புட வந்தேன்."

நூஹு லைனைப் பார்த்தான். அரிசியைப் பார்த்தான். ரெங்கராஜ் கையில் ஒரு பிள்ளையின் கையைப் பிடிப்பது மாதிரி சட்டையின் கைப்பக்கத்தைப் பிடித்திருப்பதைப் பார்த்தான்.

"சீக்கிரமாக் கூட்டிட்டுப் போங்கண்ணே. கேமரா இருக்கு" என்றான். பிறகு, குரலைத் தாழ்த்தி, "அரிசிய நான் கூட்டிக்கிறேன்."

பஸ் படியில் ரெங்கராஜ் ஒரு கணம் நின்றார். சாம் காலையில் ஒன்று சொல்லியிருந்தான்: இந்த மாதம் அவன் மலையில் புதுநெல் வீடு வரும் காலம். நெல்லுக்கும் உயிர் உண்டு. அது வயலிலிருந்து நடந்து வரும் வழியில் பாலமெல்லாம் செப்பனிட்டு வைப்பார்கள், தடுக்கி விழக்கூடாதென்று. "படி ஒசரம். பாத்து ஏறு" என்றார் ரெங்கராஜ் காற்றைப் பார்த்து. டிரைவர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து முறைத்தான்.

அறுபது சீட்டு பஸ்ஸில் எண்பது பேர். ரெங்கராஜ் தமக்குப் பக்கத்து சீட்டில் பச்சைச் சட்டையை விரித்து வைத்தார். பின்னாலிருந்து ஒரு பஞ்சாபி வந்தான். பஸ்ஸுக்குள் அவன் நுழையவில்லை, பஸ்தான் அவனைச் சுற்றி இடம் விட்டுக்கொண்டது.

"பாய், சட்டையை எடு."

"ஆத்மி ஹை" என்றார் ரெங்கராஜ், ஆள் இருக்கிறது என்று.

"எங்கே ஆத்மி?"

"ஹை பாய். பீமார் ஹை. கர் ஜாத்தா ஹை."

நோயாளி ஒருவன் வீட்டுக்குப் போகிறான் என்று சொன்ன அந்தக் காலி சீட்டையும், சொன்ன மனிதரின் நரைத்த தாடியையும் பஞ்சாபி மாற்றி மாற்றிப் பார்த்தான். பஸ் முழுக்கப் பன்னிரண்டு மணி நேர வியர்வை. எல்லாருக்கும் கால் வலி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முக்கால் மணி நேரம் நின்றான். ஒரு வளைவில் பஸ் சாய்ந்தபோது தோளில் தொங்கிய தன் பையை, அந்தக் காலி சீட்டில் இடிக்காதபடி, மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

அறையில், முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்ட ராஜிக்கும் விஜயபாஸ்கரும் கோழியோடு சண்டையில் இருந்தார்கள். சாம் முழுக்கோழிதான் கேட்டிருந்தான். தொடை எலும்பில் உள்ள துளைகளில் மூங்கில் ஈர்க்கைச் செருகி, அது நிற்கிற சாய்வைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வார்களாம். விஜயபாஸ்கர் கடையில் போன் பேசிக்கொண்டே நின்றதில், கடைக்காரன் வழக்கம்போல் பிரியாணிக்கு வெட்டி, ஒரு தொடையை மூன்றாக்கிக் கொடுத்துவிட்டான்.

"ஒனக்கு ஒரு வேல தந்தா அத முப்பது துண்டாத்தான் கொண்டு வருவாய்" என்றான் ராஜிக்.

"விடுடா, ஒட்ட வச்சுக் குடுக்கிறேன்."

சாம் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எலும்புத் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தான். "பரவாயில்ல மச்சான். தெரியாமலே இரிக்கட்டும்."

அரிசியும் கோழியும் மிளகாயும் ஒன்றாய்க் குழையக் கஞ்சி வெந்தது. ரெங்கராஜ் மஞ்சள் டப்பாவைப் பழக்கத்தில் கையில் எடுத்துவிட்டு, சாம் மஞ்சள் சொல்லவில்லையே என்று திருப்பி வைத்தார். விஜயபாஸ்கர் அரிசி மூட்டையின் வாய்த் தையலை ஒரே இழுப்பில் உருவினான். நல்ல வெள்ளை நூல், நாலு முழம். சாமின் இடது மணிக்கட்டில் மூன்று சுற்று. முடிச்சுப் போடும்போது ரெங்கராஜ், சாம் சொல்லிக்கொடுத்தபடி, "வந்துட்ட, இங்கனயே இரு" என்றார். சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். "எங்கிட்டும் போகாத" என்பதை அவரே சேர்த்தார்.

பிறகு மூங்கில் குவளை. நீராகாரத்தை ஊற்றி, ரெண்டு சொட்டுத் தரைக்கு விட்டு, சாம் ஒரு மடக்குக் குடித்தான். விளிம்பைத் துடைத்தான். இரண்டு கையாலும் நீட்டினான்.

ரெங்கராஜ் வாங்கினார். கை தானாக மேலே போனது. நாற்பத்து மூன்று வருடம் போன வழி. நெற்றிக்கு மேலே போய் நின்றது. தலை அண்ணாந்துவிட்டது. விஜயபாஸ்கர் தரையைப் பார்த்தான். மேலே கூரையில் ஏசி ஒழுகிய கறை ஒன்று, கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை படர்ந்து தெரிந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

குவளை இறங்கியது. உதட்டில் பட்டது.

மூங்கில் வழவழப்பாக, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. ஐம்பத்தோரு வயதில்தான் குடிக்கிற பாத்திரத்துக்கு விளிம்பு என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்தது. எப்படி உறிஞ்சுவது என்று தெரியவில்லை. பாதி உள்ளே போனது, பாதி தாடி வழியாகச் சட்டையில் இறங்கியது. வளைகுடாவின் முதல்தரமான அண்ணாந்து குடிப்பவர் கைப்பிள்ளை மாதிரி சிந்திக்கொண்டு இருமினார்.

"நானா, மெல்ல" என்றான் ராஜிக்.

விளிம்பை உள்ளங்கையால் துடைக்கப் போனார் ரெங்கராஜ். அதற்குள் சாம் குவளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். துடைக்காமலே மிச்சத்தைக் குடித்தான். கஞ்சியை எடுத்து ஒரு வாய் வைத்தான்.

"உப்பு இல்ல" என்றான். இரண்டு வாய் கழித்து, "உப்பு இல்ல அண்ணா" என்றான்.

ஞாயிறு முழுக்க அறையில் நாலு பேரும் தூங்கினார்கள். அஞ்சாவது ஆள் படுக்க இடமில்லாமல் வாளிப் பக்கம் நின்றிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை விடியுமுன்பே காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் அப்பியது. பஸ்ஸுக்கு வரிசை நின்றது. சாமின் கால் இன்னும் துவண்டது. இரண்டு தடவை சுவரைப் பிடித்தான். போகப்போகிற இடம் அதே பதினாலாம் லைன்தான், அடுக்கப்போவது அதே சோப்புத்தூள். நூஹு பட்டியலில் தலை எண்ணிக்கொண்டே வந்தான். சாமிடம் வந்ததும் பேனா நின்றது. மணிக்கட்டு நூலைப் பார்த்தான். டிக் போட்டான்.

முதலில் ஏறிய ரெங்கராஜ் ஜன்னலோரம் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் தம்மை அறியாமல் பக்கத்து சீட்டில் கையை விரித்து வைத்தார். பின்னாலேயே ஏறிய பஞ்சாபி நின்று, அந்தக் கையைப் பார்த்தான்.

"ஆத்மி ஹை?" என்றான், சந்தேகமாக.

ரெங்கராஜ் எட்டிப் பார்த்தார். படியில் சாம் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"ஹை" என்றார். "ஏறிக்கிட்டிருக்கான்."